சுவர்மேல் ஒரு கிளாஸ் டீ

என்னங்க,

இன்று காலையில் பர்வீன் அக்கா ஓர் அட்டைப்பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு படியேறி வந்தார். நம் அபார்ட்மெண்ட் படிக்கும் அவர் முழங்காலுக்கும் என்றைக்கும் ஆகாது. பெட்டியைத் தொப்பென்று வைத்துவிட்டுக் கதவைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். அவர் கடையில் இனிமேல் வீடியோ கேசட் வாடகைக்குக் கிடையாதாம். படமெல்லாம் வட்டத் தட்டாக வந்துவிட்டதாம். அந்த அலமாரியில் ஊறுகாய் அடுக்கப் போகிறாராம். "யூ டேக், ஜான்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

பெட்டியைத் திறந்ததும் பன்னீர் வாசனை. அத்தனை வருஷம் பன்னீர் பாட்டிலுக்குப் பக்கத்திலேயே இருந்த கேசட் வேறு எப்படி மணக்கும்? உள்ளே பதினான்கு கேசட். ஒவ்வொன்றின் முதுகிலும் பிளாஸ்திரி ஒட்டி, அதன்மேல் பால்பாயிண்ட் பேனாவில் உங்கள் கையெழுத்து. ஜான் கதை ஒன்று. ஜான் கதை இரண்டு. ஜான் கதை மூண்று.

'மூண்று.' எட்டாவது வரை படித்த மனுஷன் எழுதிய லட்சணம். ஆறாவதோடு நின்ற நான் கண்டுபிடித்துவிட்டேன். சிரித்தேன். யாரிடம் காட்டிச் சிரிப்பது என்று திரும்பிப் பார்த்தேன். அங்கே சோபாதான் இருந்தது.

நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. இதுவரை உங்களுக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. இன்று உட்கார்ந்ததற்குக் காரணம் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் கடைசியாக உங்களிடம் ஒரு பேச்சுப் பேசினேன் அல்லவா, அது நான் சொல்ல வந்த பேச்சு இல்லை. சொல்ல வந்தது வேறு. அது உங்களுக்குப் புரிந்ததா, புரியாமல் போய்விட்டீர்களா என்று தெரியாமல் எட்டு மாதமாக வீட்டுக்கும் ஓட்டலுக்கும் நடந்துகொண்டிருக்கிறேன். அதைத் திருத்தி எழுத வேண்டும். ஆனால் எனக்கு எதையும் நேராகச் சொல்ல வராது என்பது உங்களைவிட யாருக்குத் தெரியும்? சுற்றிக்கொண்டுதான் வருவேன். உங்களுக்கு இப்போது அடுப்பில் ஒன்றும் இல்லையே, இருந்து கேளுங்கள்.

கல்யாணத்தின்போது எனக்கு முப்பத்திரண்டு, உங்களுக்கு முப்பத்தெட்டு. எனக்கு ஜாதகத்தில் செவ்வாய், உங்களுக்குக் கையில் கரண்டி. இரண்டுக்கும் யாரும் ஆசைப்பட்டு வரவில்லை, அதனால் ஒன்றுக்கு ஒன்று என்று முடித்துவிட்டார்கள். அருப்புக்கோட்டை வீட்டில் பதினோரு பேர். ஐந்து மாதம் அந்தக் கூட்டத்துக்குள் இருந்தோம். நீங்கள் என்னோடு பேசிய பேச்சை ஒரு தீப்பெட்டிக்குள் அடைத்துவிடலாம், குச்சிக்கும் இடம் இருக்கும். பிறகு சான் ஹோசேயில் ஓர் ஓட்டலில் தோசை மாஸ்டர் வேலை கிடைத்தது என்று விமானம் ஏறிவிட்டீர்கள். நாலு வருஷம். கடிதம்தான்.

அதுவும் என்ன கடிதம்! உங்கள் கடிதம் வந்தால் உங்கள் அப்பா, மாமாதான் பிரிப்பார். சவரக் கத்தியால் ஓரத்தைக் கீறி, சாப்பாடு முடிந்த பிறகு எல்லாரையும் உட்கார வைத்து, ரேடியோவில் செய்தி வாசிப்பதுபோல வாசிப்பார். பதில் எழுதும்போது ஒரே ஒரு நீலத்தாள். மாமாவுக்கு ஒரு பக்கம், அத்தைக்குக் கால் பக்கம், கொழுந்தனுக்குக் கொஞ்சம், எனக்கு மடித்து ஒட்டுகிற ஓரத்தில் மூன்று வரி. அதையும் ஒட்டும் முன் மாமா படிப்பார். முதல் கடிதத்தில் நான், 'உங்கள் ஞாபகமாகவே இருக்கிறது' என்று எழுதியிருந்தேன். மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். பேனாவை எடுத்து அந்த வரியைக் கறுப்பாக அடித்தார்.

"தூர தேசத்துல கொதிக்கிற எண்ணெய்க்கு முன்னால நிக்கிறவன் தாயி. மனசு கலைஞ்சா கை வெந்துரும். எருமை கன்னு போட்டத எழுது."

எருமை கன்று போட்டதை எழுதினேன். மாமா கெட்டவர் இல்லை. அவருக்கு மகனின் கை முக்கியம். தனியாக எழுதிப் போடலாம் என்றால் தபால்காரரே வந்து, "மருமக தனியா லெட்டர் போடுதே, என்ன விசயம்?" என்று கேட்பார். டெலிபோன் பூத்துக்குப் போனால் மொத்தக் குடும்பமும் பின்னால் வரிசையில் நிற்கும். "சாப்டீங்களா?" "சாப்டேன். நீ சாப்டியா?" அடுத்த ஆள் கையை நீட்டிவிடுவார்.

உங்கள் கடிதங்களில் எனக்கென்று ஒரு வரி தவறாமல் இருக்கும். 'பின்கட்டுக் கதவுத் தாழ்ப்பாளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லவும்.' கடிதம் தவறாமல் தாழ்ப்பாள். மாமா அதை வாசித்துவிட்டு நெஞ்சை நிமிர்த்துவார். "அமெரிக்கா போயும் வீட்டுக் காவல்ல எம்புட்டுக் கவனம் பாத்தீங்களா!" எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இந்த மனுஷனுக்குப் பெண்டாட்டி நினைப்பு இல்லை, கதவு நினைப்புதான் இருக்கிறது என்று. ஆனாலும் சொன்னதைச் செய்ய வேண்டுமே. ஆசாரியைக் கூப்பிட்டேன். தாழ்ப்பாளுக்கு எண்ணெய் போட்டார். அடுத்த கடிதத்திலும் தாழ்ப்பாள். ஆசாரியைக் கூப்பிட்டுப் புதுத் தாழ்ப்பாளே போட்டேன். மறுபடியும் தாழ்ப்பாள். இரும்புப் பட்டை அடித்து, ஆமை அளவுக்கு ஒரு பூட்டையும் தொங்கவிட்டு, என் மூன்று வரியில் எழுதினேன்: 'தாழ்ப்பாளைப் பற்றி இனிக் கவலை வேண்டாம். பெரிய பூட்டாகப் போட்டாயிற்று. அந்தக் கதவை இனி யாரும் திறக்க முடியாது.'

அதற்குப் பிறகு வந்த கடிதங்களில் தாழ்ப்பாள் இல்லை. எனக்கென்று எந்த வரியும் இல்லை.

தொண்ணூற்றைந்தில் நான் வந்து இறங்கினேன். ஆறு மாதத்தில் திரும்பிப் போகிற டிக்கெட்டும் சேர்த்துத்தான் எடுத்தது. என் அண்ணன் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லி அனுப்பினார்: "புடிச்சா இரு. இல்லையா, டிக்கெட் கையில இருக்கு, வந்துரு." சான்பிரான்சிஸ்கோ விமான நிலையத்துக்கு, ஓட்டலில் கூட வேலை செய்து வீட்டிலும் கூடவே தங்கியிருந்த செல்வத்தோடு வந்து நின்றீர்கள். நாலு வருஷத்துக்குப் பிறகு பார்க்கிறோம். தலை முன்பக்கம் காலியாகி, பார்க்க ஒரு பித்தளைச் சொம்பு மாதிரி இருந்தீர்கள். என்னைப் பார்த்ததும் முதல் பேச்சு:

"சாப்டியா?"

"பிளேன்ல குடுத்தாங்க."

"ம்."

பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்துவிட்டீர்கள். செல்வம்தான் பாவம், "மதினி, இதான் ஃப்ரீவே. மதினி, அதான் மலை" என்று வீடு வரைக்கும் பேசிக்கொண்டே வந்தான்.

அன்றே முடிவு செய்துவிட்டேன், ஆறாவது மாதம் போய்விடுவது என்று. பெட்டியைப் பிரிக்கவே இல்லை. சேலையை அதிலிருந்தே எடுத்து உடுத்துவேன், துவைத்து அதிலேயே மடித்து வைப்பேன். நீங்கள் அதைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தீர்கள். ஒருநாள் சட்டை மாட்டும்போது சுவரைப் பார்த்துச் சொன்னீர்கள்: "பொட்டிக்குள்ளயே கெடந்தா துணி மக்கிப் போகும்."

"பாச்சை உருண்டை போட்டிருக்கேன்" என்றேன்.

சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனீர்கள்.

பகலெல்லாம் தனிமை. நீங்களும் செல்வமும் ஓட்டலுக்குப் போனால் இந்த மூன்று அறையில் ஃபிரிட்ஜ் மட்டும்தான் என்னோடு பேசும். தெருமுனையில் பர்வீன் அக்காவின் கடைக்கு மல்லித்தழை வாங்கப் போனவள் அங்கேயே உட்கார்ந்து கீரை ஆய்ந்து கொடுக்க ஆரம்பித்தேன். அக்கா ஈரானில் சண்டை நடந்தபோது கணவரைப் பறிகொடுத்துவிட்டு மகனோடு இங்கே வந்தவர். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு அவர் பாஷை தெரியாது, இருவருக்கும் இங்கிலீஷ் அரைகுறை. ஆனால் வெந்தயக்கீரைக்கு எந்தப் பாஷையும் வேண்டாம். அந்தக் கடையில் எனக்கு ஒன்று மட்டும் விளங்கவில்லை. வருகிறவர் போகிறவர் எல்லாரையும் அவர் ஜான், ஜான் என்றே கூப்பிட்டார். ஆணும் ஜான், பெண்ணும் ஜான், தள்ளுவண்டியில் படுத்திருக்கிற கைக்குழந்தையும் ஜான். உங்களிடம் கேட்டேன்.

"ஏங்க, ஈரான்ல எல்லாருக்கும் ஒரே பேராங்க?"

நீங்கள் வெங்காயம் உரித்துக்கொண்டே யோசித்து, "கிறிஸ்தவங்களா இருப்பாங்க" என்றீர்கள். விஷயம் தெரிந்த மனுஷன் என்று நானும் நம்பினேன்.

திங்கட்கிழமை ஓட்டலுக்கு விடுமுறை. நம்மிடம் டி.வி.யும் கேசட் போடுகிற பெட்டியும் உண்டு. பர்வீன் அக்காவின் வீட்டில் மகன் எந்நேரமும் ஃபுட்பால் பார்ப்பான். அதனால் அவர் திங்கட்கிழமை மத்தியானம் கடையை மகனிடம் விட்டுவிட்டுக் கேசட்டை எடுத்துக்கொண்டு நம் வீட்டுக்கு வந்துவிடுவார். ஈரானில் எடுத்த தொடர். ராஜா காலத்துக் கதை. நீல ஓடுகளில் பறவை வரைகிற ஒருவரின் மகளும், அரண்மனையில் ஓலை எழுதுகிற ஒரு வாலிபனும் பக்கத்துப் பக்கத்து வீடு, நடுவில் ஒரு மண்சுவர். எனக்கு ஒரு சொல்லும் புரியாது. அதிலும் ஆளுக்கு ஆள் ஜான். அதனால்தான் நீங்கள் அதற்கு ஜான் கதை என்று பெயர் வைத்தீர்கள். வரிசை மாறாமல் இருக்க நீங்கள் பிளாஸ்திரி ஒட்டியதைப் பார்த்து அக்காவுக்குப் பரம சந்தோஷம்.

நாம் உட்கார்ந்த முறை நினைவிருக்கிறதா? சோபாவின் அந்தக் கோடியில் நீங்கள், இந்தக் கோடியில் நான், நடுவில் பர்வீன் அக்கா, தரையில் கடலைப் பருப்புக் கிண்ணத்தோடு செல்வம்.

அந்தப் படத்தை நான் பண்ணாத கிண்டல் இல்லை. கதாநாயகி தூங்கும்போதும் முக்காடு, எழுந்தாலும் முக்காடு, சொந்த வீட்டில் அப்பாவுக்கு ரொட்டி சுடும்போதும் முக்காடு.

"அந்தப் பிள்ளைக்குத் தீராத தலைவலி போல. யாராவது தைலம் குடுங்கப்பா."

ஒரு காட்சியில் அவள் கால் தவறிக் கால்வாய்க்குள் விழுந்துவிட்டாள். அவன் ஓடி வந்தான். கையை நீட்டித் தூக்குவான் என்று பார்த்தால், இடுப்பில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து ஒரு முனையை வீசி எறிந்தான். அவள் அதைப் பிடித்து ஏறினாள். மேலே வந்ததும் துணியின் ஒரு முனை அவள் கையில், மறுமுனை அவன் கையில். இரண்டு பேரும் விடவும் இல்லை, கிட்டே வரவும் இல்லை.

"நம்ம ஊருப் படமா இருந்தா இந்நேரம் ரெண்டு பாட்டு முடிஞ்சிருக்கும் மதினி" என்றான் செல்வம்.

"இது காதல் படமா, கயிறு இழுக்கிற போட்டியா?" என்றேன்.

நீங்கள் சிரிக்கவில்லை. முன்னால் சாய்ந்து, முழங்கையை முழங்காலில் ஊன்றி, அந்தத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். தோசை திருப்பும்போது மட்டும்தான் உங்கள் முகத்தில் அந்தக் கவனம் வரும்.

ஐந்தாவது மாதம் நடந்துகொண்டிருந்தது. டிக்கெட்டுக்கு நாலு வாரம் இருந்தது. அந்தத் திங்கட்கிழமைதான் அந்தக் காட்சி வந்தது. கதாநாயகி ஒரு சின்னக் கண்ணாடிக் கிளாஸில் டீ ஊற்றி, ஒரு வாய் குடித்துவிட்டு, மீதியை நடுச்சுவர்மேல் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். ரொம்ப நேரம் அந்தக் கிளாஸை மட்டுமே காட்டினார்கள். ஆவி எழுந்து அடங்கியது. அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கை வந்தது. அவன் கிளாஸைத் திருப்பி, அவள் வாய் வைத்த பக்கம் எதுவென்று பார்த்து, அதே பக்கத்தில் வாய் வைத்துக் குடித்தான். அவ்வளவுதான். பர்வீன் அக்கா முக்காட்டு நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு தேம்பி அழ ஆரம்பித்துவிட்டார்.

நான் பதறிப்போய், "என்னக்கா, டீல விஷமா?" என்றேன். செல்வம் அதை இங்கிலீஷில் கேட்டான்.

அவர் தலையை ஆட்டினார். "நோ டீ" என்றார். "திஸ், நோ டீ. திஸ் கிஸ்."

"எங்க கிஸ்? கிளாஸ்தான இருக்கு!"

"தேர், கவர்மெண்ட் லுக். ஹேண்ட் டச், கட். ஹேர் ஷோ, கட். லவ் ஸே, கட்." இரண்டு விரலைக் கத்தரிபோல வைத்து வெட்டிக் காட்டினார். பாதி இங்கிலீஷ், பாதி ஜாடை. "சோ, டீ. டீ, நோ கட்." பிறகு தன் கண்ணைத் தொட்டு, நெஞ்சைத் தொட்டு, "வீ நோ. ஆல் பீப்பிள் நோ" என்றார். பார்க்கிற எல்லாருக்கும் தெரியுமாம்.

செல்வம்கூட மெல்லுவதை நிறுத்திவிட்டான். அப்போதுதான் சோபாவின் அந்தக் கோடியிலிருந்து, டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்காமல், நீங்கள் சொன்னீர்கள்:

"நானுந்தான் நாலு வருசமா எழுதுனேன். நீ ஆசாரியக் கூப்ட்ட."

எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் ஓடவில்லை. அப்புறம் ஓடியது. நீங்கள் ஊரைவிட்டுக் கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம். வீடு முழுக்க வழியனுப்ப வந்த சொந்தக்காரர்கள். நான் பின்கட்டுக் கதவைச் சாத்தப் போனேன், தாழ்ப்பாள் இறுகிக்கொண்டது. பின்னாலிருந்து வந்து என் கையின்மேல் உங்கள் கையை வைத்து இழுத்தீர்கள். தாழ்ப்பாள் விழுந்த பிறகும் கையை எடுக்கவில்லை. "பயமா இருக்கா?" என்று கேட்டீர்கள். நான், "தாப்பா இறுகிக்கிச்சு" என்றேன். உள்ளேயிருந்து யாரோ கூப்பிட்டார்கள், போய்விட்டீர்கள்.

அந்தச் சாயங்காலத்தை நான் மறக்கவே இல்லை. நாலு வருஷமும் அதை வைத்துத்தான் ஓட்டினேன். ஆனால் எனக்கு நினைவிருந்தது உங்கள் கை. அதில் ஒரு தாழ்ப்பாள் இருந்ததே எனக்கு நினைவில்லை. நீங்கள் ஆம்பளை, உங்களுக்குத் தாழ்ப்பாள் நினைவிருந்தது.

"நேரா எழுதியிருக்கலாம்ல?" என்றேன்.

"எங்கப்பா சத்தம் போட்டு வாசிப்பாரு. எப்படி எழுத?" என்றீர்கள். பிறகு, "நீ எழுதுன பாரு ஒண்ணு. பெரிய பூட்டாப் போட்டாச்சு, இனி யாரும் தொறக்க முடியாதுன்னு. அத மூணு தடவ படிச்சேன். அன்னைக்கு சாம்பார் அடிப்புடிச்சுப் போச்சு."

"ஆமா மதினி! அண்டா அண்டாவாக் கீழ ஊத்துனோம்! அதுக்கு நீங்கதான் காரணமா?" என்று செல்வம் கத்தினான்.

நான் சிரிக்க ஆரம்பித்தேன். நிறுத்த முடியவில்லை. சிரிப்பு அழுகையாகி, அழுகை மறுபடி சிரிப்பானது. பர்வீன் அக்கா, "வாட்? வாட்?" என்று இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தார். நீங்கள் உங்கள் இங்கிலீஷில் விளக்கினீர்கள்: "ஐ ரைட் லெட்டர். டோர். டோர் மீன்ஸ் லவ். ஷி கால் கார்ப்பென்டர்." அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் தொடையில் ஓங்கி அடித்துக்கொண்டு, "கார்ப்பென்டர்!" என்று ஒரு கத்து. அன்றிலிருந்து நம் நாலு பேருக்குள் அது ஒரு சொல்லாகிவிட்டது. யாராவது யாரையாவது தப்பாகப் புரிந்துகொண்டால், கார்ப்பென்டர்.

'லவ்' என்று நீங்கள் வாய்விட்டுச் சொன்னது அந்த ஒரு தடவைதான். அதுவும் இங்கிலீஷில். அதுவும் பர்வீன் அக்காவிடம்.

அன்று மாலை பெட்டியிலிருந்து சேலைகளை எடுத்து அலமாரியில் அடுக்கினேன். நீங்கள் வாசலில் நின்று பார்த்தீர்கள். மறுநாள் பார்த்தால் காலிப் பெட்டிக்குள் பாதி மூட்டை வெங்காயத்தைக் கொட்டி வைத்திருக்கிறீர்கள். இந்த முறை நான் ஆசாரியைக் கூப்பிடவில்லை. அதில் நல்ல சேலை இனி வைக்க முடியாது என்பது புரிந்தது. டிக்கெட் அதுபாட்டுக்குக் காலாவதி ஆனது.

பெயர் விஷயம் தெளிந்தது அதற்கு அடுத்த வாரம். பர்வீன் அக்கா என்னையும் ஜான் என்றார். "நோ ஜான், நான் இந்து" என்று விறைப்பாகச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்துவிட்டு நெஞ்சில் கை வைத்தார். ஜான் என்றால் உயிராம். பெயருக்குப் பின்னால் ஒட்டிக் கூப்பிடுவார்களாம். ஓடி வந்து உங்களிடம் சொன்னேன். உங்கள் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. கூட்டத்தில் கூப்பிட வேண்டுமென்றால் இருமுவேன், அல்லது வளையலை ஆட்டுவேன். இப்போது எனக்கு ஒரு பெயர் கிடைத்துவிட்டது. மறுவாரம் ஓட்டல் சமையற்கட்டின் பின்வாசலில் நின்று, "ஜான்! சாப்பாட்டுக் கூடைய மறந்துட்டீங்க!" என்று கத்தினேன். உங்கள் ஓனர் செல்வத்தைத் தனியாகக் கூப்பிட்டு, "மாஸ்டர் எப்ப மதம் மாறினார்?" என்று விசாரித்தாராம். நீங்கள் காது சிவந்து, கூடையைப் பிடுங்கிக்கொண்டு, "போ புள்ள" என்றீர்கள். அந்தக் காதைப் பார்க்கத்தான் அடுத்த வாரமும் போய்க் கத்தினேன்.

தொடர் முடிந்த நாளில் கல்யாணக் காட்சியே வரவில்லை. ஒரு மூடிய கதவு, வெளியே பனி, வாசலில் இரண்டு ஜோடிச் செருப்பு. அதோடு எழுத்து ஓட ஆரம்பித்துவிட்டது. "ஃபினிஷ்! வெரி ஹேப்பி!" என்று பர்வீன் அக்கா கை தட்டினார்.

"பந்தி போடாமலே கல்யாணத்த முடிச்சுப்புட்டானுவ" என்று சமையல்காரராக வருத்தப்பட்டீர்கள். ஆனால் எழுந்து போகும்போது வாசலில் கிடந்த என் செருப்பைக் காலால் நகர்த்தி உங்கள் செருப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனீர்கள். பார்க்கவில்லை என்றா நினைத்தீர்கள்?

அப்புறம் ஐந்து வருஷம். அந்த ஐந்து வருஷத்திலும் நாம் இரண்டு பேரும் எதையும் நேராகச் சொல்லவில்லை. சொல்லத் தேவைப்படவில்லை. மாமாவின் பேனா இங்கே இல்லைதான். ஆனால் பழகிய பாஷை அதுதானே. கோபம் என்றால் என் தட்டில் அப்பளம் உடைந்து வரும், சமாதானம் என்றால் முழுசாக வரும். நமக்குக் குழந்தை தங்காமல் போன அந்த வருஷம் நீங்கள் ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லவில்லை. மூன்று வாரம் தினமும் என் தலையை நீங்களே வாரி விட்டீர்கள். கோணல் வகிடு. அதோடேயே கடைக்குப் போய்வந்தேன்.

சரி, வந்துவிட்டேன். இதற்குத்தான் இத்தனை சுற்று.

அடுப்பு முன்னால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டீர்கள் என்று செல்வம் போன் செய்தான். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள். மூக்கிலும் வாயிலும் குழாய், உங்களால் பேச முடியாது. இரண்டாம் நாள் மத்தியானம் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தீர்கள். செல்வம் இருந்தான், பர்வீன் அக்கா இருந்தார், ஒரு நர்ஸ் நின்றாள். எனக்கு நெஞ்சில் இருந்தது ஒன்று, தொண்டைக்கு வந்ததும் அதேதான். வாயைத் திறந்தபோது வந்தது இது:

"மாவு புளிச்சிரும். நான் ஒரு எட்டுப் போய்ப் பாத்துட்டு வாரேன்."

நீங்கள் கையை லேசாகத் தூக்கினீர்கள். போ என்று ஆட்டினீர்களா, போகாதே என்று நீட்டினீர்களா? குழாய் குத்தியிருந்த கை, எனக்குத் தெரியவில்லை. வெளியே வந்துவிட்டேன். மாவைப் பார்க்கப் போகவில்லை. எந்த மாவு? லிஃப்டுக்குப் பக்கத்தில் சுவரைப் பார்த்து நின்று அழுதேன். உங்கள் முன்னால் அழக்கூடாதென்றுதான் வந்தேன். முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பியபோது பர்வீன் அக்கா அறை வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டார்.

என்ன நினைத்துக்கொண்டு போனீர்கள்? மாவு என்றால் மாவு இல்லை என்று புரிந்ததா? அல்லது, கடைசி நேரத்திலும் இவளுக்கு மாவுதான் பெரிசு என்று நினைத்துவிட்டீர்களா? நாலு வருஷம் நான் உங்களைப் புரிந்துகொள்ளாமல் இருந்ததற்கு, அந்தக் கால்மணி நேரத்தில் நீங்கள் பதிலுக்குப் பதில் செய்துவிட்டீர்களா?

இன்று பர்வீன் அக்கா படியிறங்கும் முன் அதை அவரிடம் கேட்டேன். எட்டு மாதத்தில் முதல் தடவை. அவர் என் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "ஹி நோ, ஜான். ஹி நோ" என்றார். தெரியும் என்கிறாரா, இல்லை என்கிறாரா? அவர் பேசுகிற இங்கிலீஷில் இரண்டும் ஒரே மாதிரிதான் கேட்கும். திருப்பிக் கேட்கப் பயந்து விட்டுவிட்டேன்.

அண்ணன் ஊருக்கு வரச் சொல்லி எழுதியிருக்கிறார். உங்கள் ஓட்டலிலேயே எனக்குச் சட்னி அரைக்கிற வேலை போட்டுக் கொடுத்திருக்கிறார்கள், அதனால் ஊருக்குப் போகவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, பசிக்கிறது, தூக்கம் வருகிறது, செல்வத்தைக் கிண்டல் பண்ணுகிறேன். தொண்டையில் அந்த ஒன்று மட்டும் அப்படியே இருக்கிறது. நீங்கள் ஊரைவிட்டுக் கிளம்புவதற்கு முந்தின நாளும் அங்கே இருந்தது அதுதான், ஆஸ்பத்திரியிலும் அதுதான். இரண்டு தடவையும் அதற்குப் பதிலாக வேறு எதையோ சொல்லி அனுப்பிவிட்டேன். இந்தத் தாளை யாரும் முதலில் படிக்கப் போவதில்லை. பக்கத்தில் நர்ஸ் இல்லை, சொந்தக்காரர் இல்லை. பேனா என் கையில்தான் இருக்கிறது. நேராகவே எழுதுகிறேன்.

போகாதீங்க.